தள்ளியவன் ஏறினானா?

"உலகத்துல எந்த மூலையில எந்த வண்டி நின்னாலும் அதுக்கு நாலே காரணம்தான். பேட்டரி, எர்த், ஃபியூஸ், செல்ஃப் மோட்டார். அஞ்சாவதா ஒண்ணு கிடையாது. கடவுளே வந்து வண்டிய நிறுத்தணும்னாலும் இந்த நாலுல ஒண்ணைப் புடுங்கித்தான் நிறுத்தியாகணும்."

அஸ்வின் இதை எந்த மேடையிலும் சொல்லவில்லை. வண்டூரில், ஒரு பழைய மீன் வேனின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை. அவன் இதையெல்லாம் சிரிக்காமல்தான் சொல்வான்.

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டது இல்லை. யாருக்கு நடந்ததோ அவனுக்கு ஷாதிபூரில் வீடு இருக்கிறது, பாலிடெக்னிக்கில் இரண்டு அரியர் இருக்கிறது. தேடினால் கிடைப்பான். கேட்டால்தான் பேசமாட்டான்.

அப்போது அஸ்வின் எலக்ட்ரிக்கல் கடைசி வருடம். அவன் அப்பா பக்தவத்சலம் வேலூரிலிருந்து அரசாங்க வேலையாக மூன்று வருடத்துக்கு என்று தீவுக்கு வந்து, திரும்பிப் போக மறந்துவிட்டவர். ஜோஸ்வா அஸ்வினின் வகுப்பு. வண்டூர்க்காரன். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். அவன் அப்பா அருள்நாதனுக்குச் சொந்தமாக ஒரு படகும் இந்த வேனும் உண்டு. படகு ஓடும். வேன் அதன் இஷ்டம்.

ஜோஸ்வாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவனால் ஒரு வாக்கியத்தை முழுதாகத் தமிழில் பேச முடியாது. தீவில் எல்லோருமே இந்தி கலந்து பேசுகிறவர்கள்தான். ஆனால் ஜோஸ்வா தமிழில் புறப்பட்டு இந்தியில் போய் இறங்குவான். பாவமன்னிப்புக்கே இந்தி 'யார்', அதாவது 'மச்சி', போட்டுத்தான் பேசுகிறான் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு.

அன்று ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வேன் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'கட்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மெக்கானிக் கடை ஞாயிறு லீவு. ஜோஸ்வா அஸ்வினைக் கூப்பிட்டான். அஸ்வின் ஒரு மல்டிமீட்டரோடும் மேற்கண்ட கொள்கையோடும் பஸ் ஏறி வந்தான்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கடற்காற்று ஒரு இரும்பையும் விட்டுவைக்காது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். எர்த் ஒயரின் நட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கினான். மீட்டர் வைத்தான். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சாவியைத் திருப்பினான். வேன் இருமிக்கொண்டு உயிர்பெற்றது.

"பாத்தியா?" என்றான் அஸ்வின். "காரணம் நம்பர் ஒண்ணும் ரெண்டும்."

"மான் கயா, ஒத்துக்கிட்டேன் உஸ்தாத்! ஆனா அந்த செகப்பு லைட் க்யூன் எரியுது?" என்று டேஷ்போர்டைக் காட்டினான் ஜோஸ்வா. பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு. வண்டி ஓடும்போது அணைந்திருக்க வேண்டிய விளக்கு.

"பல்பு ஃபால்ட். கண்டுக்காத."

பல்பு ஃபால்ட் இல்லை. டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை என்று அந்த விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் டைனமோ அவனுடைய நான்கில் இல்லை.

ஐந்து மணி சுமாருக்கு அருள்நாதன் வேனைச் சுற்றிவந்து பார்த்தார். அஸ்வினுக்கு வாழையிலையில் கட்டிய இரண்டு சூரை மீனை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மற்றக் கை நெஞ்சுக்குப் போனது. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வேர்வை. மீன் மண்ணில் விழுந்து கிடந்தது.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஓடி வந்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட்டு. உடனே டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடணும்." ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு கொஞ்சம் முன்னால்தான் போயிருந்தது.

"வண்டி இருக்கில்ல?" என்றான் அஸ்வின். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேனின் பின்பக்கம் மீன் பெட்டிகளைத் தள்ளிப் பாய் விரித்தார்கள். அருள்நாதனைப் படுக்க வைத்தார்கள். ஜோஸ்வாவின் அம்மா அமுதம் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். ஜோஸ்வா சாவியை இரண்டு தடவை கீழே போட்டான். அதனால் அஸ்வின் ஓட்டினான். ஜோஸ்வா பக்கத்தில்.

மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரின் சாயங்காலம் பழக நாள் பிடிக்கும். தீவு அவ்வளவு கிழக்கே; ஜனவரியில் ஐந்தேமுக்காலுக்கெல்லாம் முழு இருட்டு. கடிகாரத்துக்குச் சாயங்காலம், கண்ணுக்கு ராத்திரி. ஹெட்லைட்டைப் போட்டான்.

வண்டூர் சாலையில் ஓர் இடம் வரும். சுனாமியில் கடல் உள்ளே வந்தது. மற்ற இடங்களில் திரும்பிப் போயிற்று. அங்கே போகவில்லை. வயல் இருந்த இடமெல்லாம் இன்றைக்கும் உப்புத் தண்ணீர். நடுவில் தலையில்லாத தென்னை மரங்கள். சாலை மட்டும் மேடாக, நீளமாக, இரண்டு பக்கத் தண்ணீருக்கும் நடுவில் போகும். பாதியில் ஒரு மதகு. முதலை ஜாக்கிரதை என்று ஒரு பலகை.

அந்த இடத்துக்கு வரும்போது ஹெட்லைட் மஞ்சளாகியிருந்தது.

பிறகு ஆரஞ்சு.

பிறகு இரண்டு பீடி நெருப்பு.

பள்ளம் தெரியவில்லை. சக்கரம் இறங்கியது. பதறி பிரேக்கை மிதித்தான். கிளட்ச்சை மிதிக்க மறந்தான். வேன் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

சாவியைத் திருப்பினான்.

கட்.

மறுபடி.

அதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி," என்றான் பின்பக்கம் பார்த்து. "நாலே காரணம்தான். அஞ்சு நிமிஷம்."

ஜோஸ்வா போனை எடுத்தான். சிக்னல் இல்லை. அஸ்வின் போனிலும் இல்லை. அந்தத் தண்ணீர்ப் பகுதியில் எந்தக் கம்பெனிக்கும் சிக்னல் கிடையாது என்பது ஊரறிந்தது. ஜோஸ்வா மதகுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான்; "மொதல்ல வெளிச்சம் புடி," என்றான் அஸ்வின். போனை டார்ச்சாக வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பானெட்டைத் தூக்கினான்.

டெர்மினல் முழுக்க உப்பு. கட்டி கட்டியாக. ஈரமாக. மத்தியானம் பளபளவென்று தேய்த்த டெர்மினல். இப்போது கடலுக்கடியில் வருடக்கணக்கில் கிடந்த மாதிரி இருந்தது.

"நீ தேச்ச இல்ல?" என்றான் ஜோஸ்வா.

"தேச்சேன்."

விரலால் தள்ளினான். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. சட்டை நுனியால் துடைத்தான். மீட்டரை எடுத்தான். இன்னும் எதிலும் வைக்கவில்லை. இரண்டு முனையும் காற்றில் தொங்கின. மீட்டர் ஓடியது.

0.7... 0.0... 0.7... 0.0...

மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது. மூச்சு விடுவது மாதிரி.

காற்றில் இருக்கும் கரண்ட், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். மீட்டர்கள் அப்படிக் காட்டுவது உண்டுதான். ஆனால் வேனுக்குள் அருள்நாதனின் மூச்சு வேகமாக, கீச்சுக் கீச்சென்று கேட்டது. மீட்டரில் ஓடியது அவசரமே இல்லாத மூச்சு.

எர்த் இறுக்கமாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. மூன்று காரணம் தீர்ந்தது. செல்ஃப் மோட்டார் சில சமயம் பிடித்துக்கொள்ளும்; ஸ்பேனரால் தட்டினால் விட்டுவிடும். கீழே படுத்துக் கையை விட்டுத் தட்டினான்.

டக். டக். டக்.

காத்திருந்தான்.

டக். டக். டக்.

வேனின் மறுபக்கத்திலிருந்து. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து.

"ஏண்டா நீயும் தட்டற?" என்று கத்தினான்.

"மைன்? நான் உன் பக்கத்துலதான யார் நிக்கிறேன்!"

ஆமாம். முகத்துக்கு நேரே ஜோஸ்வாவின் இரண்டு செருப்புகள்.

அஸ்வின் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். உள்ளே அருள்நாதன், "அமுதம்... அமுதம்..." என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கப்புறம் சொல்லவில்லை.

"தள்ளித்தான் எடுக்கணும்," என்றான் அஸ்வின். "டீசல் வண்டி. ஒரு தடவை ஓட ஆரம்பிச்சா பேட்டரியே வேண்டாம். நீ பின்னாடி தக்கா குடு. நான் செகண்ட் கியர்ல விடறேன்."

அமுதம் நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது. அது புருஷனைப் பற்றிய பயமாகத் தெரியவில்லை.

"மக்கா, நில்லு. இந்த எடத்துல தள்ளி எடுத்தா ஒரு முறை உண்டு. மதகு தாண்டினதும் நிறுத்தணும். இஞ்சினையும் அணைக்கணும். அணைச்சிட்டுத் தள்ளினவன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவன் வாயத் தொறந்து பதில் சொன்ன பெறவுதான் ஏத்தணும். இங்கயுள்ள டிரைவர் எல்லாரும் அப்பிடித்தான்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"தண்ணி வந்த அன்னைக்கு இங்க வண்டியெல்லாம் நின்னுபோச்சு. ஆளுங்க தள்ளிவிட்டாங்க. வண்டி கெளம்பிச்சு. நிறுத்தினா மறுபடி எடுக்காதுன்னு ஒருத்தனும் நிறுத்தல. தள்ளினவங்க தண்ணியிலயே நின்னுட்டாங்க."

அஸ்வின் சிரிக்காமல் சொன்னான்.

"ஆன்ட்டி, செத்த பேட்டரி. அணைச்சா அங்கிளும் சேந்து அணைஞ்சிடுவாரு. அட்டெண்டன்ஸ் எடுக்க இது காலேஜ் இல்ல."

"காலேஜ்லயே எவன் எடுக்கிறான் யார்!" என்றான் ஜோஸ்வா. சிரிப்பு வராமல் பல் மட்டும் தெரிந்தது. "மம்மி, நீ பாபாவைப் பிடி. பஸ், அது போதும்."

அஸ்வின் திட்டத்தைச் சொன்னான். "நான் நிறுத்தவே மாட்டேன். இஞ்சின் பிடிச்சதும் ஓடி வந்து சைடு டோர்ல ஏறு. ஏறினதும் டோரை அடிச்சுச் சாத்து. அந்தச் சத்தம் கேட்டாதான் நான் மிதிப்பேன்."

"டீக் ஹை."

அதுதான் ஜோஸ்வா அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன கடைசி வார்த்தை.

ஸ்டியரிங்கைப் பிடித்தான். சாலை மதகை நோக்கி லேசாக ஏறியது. இந்த வேனை ஒரே ஆள் தள்ளுவது கஷ்டம் என்று அவனுக்கும் தெரியும்.

"ஏக்... தோ... தீன்!" பின்னாலிருந்து ஜோஸ்வாவின் குரல்.

வேன் அசையவில்லை.

"ஹில்தா நஹி யார்!"

"இன்னொரு தடவை!"

"ஏக்... தோ..."

மூன்று சொல்லவில்லை.

வேன் நகர்ந்தது.

முக்கல் இல்லை. குலுக்கல் இல்லை. மேட்டில் வழுக்கிக்கொண்டு போனது. பத்துப் பேர் தள்ளுவது மாதிரி. வேகம் கூடியது. பின் தகரத்தில் கைகள் பதியும் சத்தம் கேட்டது.

சத். சத். சத். சத்.

ஈரக் கைகள். ஏகப்பட்ட கைகள்.

"அரே... கோன்? கோன் ஹை? யாருடா அது?" என்றது ஜோஸ்வாவின் குரல். அது வேனுக்குப் பின்னால் தள்ளி, தூரத்திலிருந்து கேட்டது.

அஸ்வின் கிளட்ச்சை விட்டான்.

இஞ்சின் பிடித்தது.

மதகு வந்தது. கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி அமுதம் சொன்னது ஞாபகம் வந்தது. பின்னால் அருள்நாதனின் தொண்டை கரகரத்தது. மதகு போயிற்று.

ஓடிவரும் காலடி.

சளக். சளக். சளக்.

வேன் இடதுபக்கம் சாய்ந்தது. ஆள் ஏறிய கனம்.

டமார்.

டோர்.

மிதித்தான்.

"ஏறிட்டியா?" என்று கத்தினான்.

"ஏறிவிட்டேன்."

ஜோஸ்வாவின் குரல்தான். மூச்சு வாங்கவில்லை.

வழி முழுக்க அஸ்வின் திரும்பவில்லை. விளக்கே இல்லாத வண்டியைச் சாலையில் வைத்திருப்பதற்கே இரண்டு கண்ணும் போதவில்லை. பின்னால் அமுதம் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஜெபத்தில் நிறுத்தினார். மறுபடி ஆரம்பிக்கவில்லை. வேனுக்குள் மீன் வாடை போய்ச் சேற்று வாடை வந்திருந்தது.

ஆறரைக்குள் பெரியாஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சர் வந்தது. ஜோஸ்வா ஒரு பக்கம் பிடித்தான். டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "சரியான நேரத்துக்கு வந்தீங்க. பொழச்சிப்பாரு," என்றார்.

அமுதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜோஸ்வா அவர் தோளைத் தொட வந்தான். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அஸ்வின் வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜோஸ்வாவின் பேண்ட் தொடைவரைக்கும் நனைந்திருந்தது.

"தண்ணில எறங்கினியா?"

"கால் வழுக்கியது."

கொதிக்கிற டீயை ஜோஸ்வா ஒரே மடக்கில் குடித்தான். ஊதவில்லை. முகம் சுளிக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிர்ச்சி, என்று நினைத்தான் அஸ்வின். அவனவனுக்கு ஒவ்வொரு மாதிரி.

அப்போது அவன் போன் அடித்தது.

"என் போன் அங்கே விழுந்துவிட்டது," என்றான் ஜோஸ்வா, சுவரைப் பார்த்தபடியே.

அஸ்வின் அதற்கப்புறம்தான் போனை வெளியே எடுத்தான். திரையில் பெயர்.

ஜோஸ்வா.

மணி 6.52.

எடுத்தான்.

"அரே அஸ்வின்! பாபா எப்பிடி இருக்காரு? போல் நா யார், பாபா டீக் ஹை நா?"

காற்றுச் சத்தம். தண்ணீர்ச் சத்தம். மூச்சு வாங்கும் குரல்.

அஸ்வின் பெஞ்சின் மறு ஓரத்தைப் பார்த்தான். ஜோஸ்வா இருந்தான். காலி டீ கப்பைப் பிடித்துக்கொண்டு.

"யாரு?" என்றான் போனில்.

"மைன் ஹூன்டா! ஜோஸ்வா! நிறுத்தாம போயிட்டியே பாகல்! நான் இங்கதான் மதகுகிட்ட நிக்கிறேன். ஏக் பீ வண்டி நஹி. போன்ல சார்ஜ் இல்ல யார். சீக்கிரம் வா..."

கட்டானது.

பேய் பிசாசு என்று ஒருவன் வந்து சொன்னால் அவனை நாலு நாளைக்கு வகுப்பில் தலைகாட்ட விடாதவன் அஸ்வின். இப்போதும் அவன் ஒழுங்காகத்தான் யோசித்தான். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. நான் பார்த்தேன். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து போன் வராது. ஆகவே இது அங்கிருந்து வரவில்லை. ஜோஸ்வா பக்கத்தில் இருக்கிறான். ஆகவே இது ஜோஸ்வா இல்லை. போனை எடுத்த எவனோ விளையாடுகிறான்.

குற்றம் சொல்ல முடியாத கணக்கு.

மறுபடி அடித்தது.

"அஸ்வின்..." இப்போது குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. "யாரைடா ஏத்திட்டுப் போன? மேரே கோ விட்டுட்டு யாரை ஏத்தின? நான் ஓடி வந்தேன் யார். பாத்தேன். அது ஏறிச்சு. என் சட்டை போட்டிருந்துச்சு."

"டேய்..."

"இங்க பஹுத் லோக் ஹைன், ஏகப்பட்ட பேரு. தண்ணிக்குள்ள நிக்கிறாங்க. என் பேரைக் கேக்கிறாங்க. சொல்லட்டுமா? அஸ்வின்... பேரு போலூன் க்யா?"

"பேசாதே," என்றான் பெஞ்சிலிருந்த ஜோஸ்வா. மெதுவாக. அன்பாகக்கூட. "யாரோ விளையாடுகிறார்கள். வை."

அஸ்வின் வைத்தான்.

போனை ஊமையாக்கி பேண்ட் பைக்குள் போட்டான்.

பைக்குள் வெளிச்சம் வந்தது. அணைந்தது.

வந்தது. அணைந்தது.

வெகுநேரம்.

பிறகு வரவில்லை.

அன்று யாரும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மறுநாள் அந்த வழியாகப் போனவர்கள் மதகின் அருகே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தார்கள். போன் கிடைக்கவில்லை. செருப்பு என்னுடையதுதான் என்று ஜோஸ்வா வாங்கிக்கொண்டான். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து அருள்நாதன் வீட்டுக்கு வந்து, நடமாட ஆரம்பித்திருந்தார். வேன் முற்றத்தில் நின்றது. அஸ்வின் ஒரு டைனமோவை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வண்டூருக்குப் போனான். கூலி வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தான். காலேஜுக்கு ஜோஸ்வா வருவதை நிறுத்தியிருந்தான். ஏன் என்று கேட்க அஸ்வினுக்குத் தைரியம் இல்லை.

மாட்டி முடித்தான். சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டியை அணைத்தான்.

அமுதம் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முற்றத்து ஓரத்தில் கடல்பக்கம் திரும்பி ஜோஸ்வா உட்கார்ந்திருந்தான். மத்தியானத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஜோஸ்வா எப்பிடி இருக்கான் ஆன்ட்டி?"

அமுதம் டம்ளரைக் கீழே வைத்தார். முற்றத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வேலையெல்லாம் செய்யுதான். குடிக்கான் இல்ல. எதுத்துப் பேசுதான் இல்ல. ராத்திரி படுக்கான், ஆனா கண்ணை மூடுதான் இல்ல." முந்தானையை இழுத்துச் செருகினார். "வண்டியில ஏறினதுமே எனக்குத் தெரியும் மக்கா."

அஸ்வினின் கையில் ஸ்பேனர் இருந்தது.

"ஏறி வந்து அவரு காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துது. கையைப் பாத்தேன். நான் பெத்த கை எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப."

அஸ்வின் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நிறுத்தினா இவரு போயிருப்பாரு. பின்னால ஒருத்தன் ஓடி வாரான்... மம்மி மம்மினு கூப்பிட்டுக்கிட்டே. மடியில ஒருத்தர் மூச்சு நிக்கப் போவுது. நான் வாயை மூடிக்கிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. "நாலு பேரு போனோம், நாலு பேரு வந்து சேந்தோம். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. நீயும் எதையும் கேக்காத."

எழுந்து உள்ளே போனார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அருள்நாதன் மெல்ல நடந்துவந்து அஸ்வினுக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. பிழைத்த மனிதனின் உற்சாகத்தில் இருந்தார்.

"அன்னைக்கு வண்டி நின்னப்போ நீங்க பெரிய மடத்தனம் பண்ணிட்டிங்கடே," என்றார் சிரித்தபடி. "டவுனுக்கு ஒரு போன் அடிச்சிருந்தா எதுக்க ஒரு வண்டி வந்திருக்கும்."

"சிக்னல் இல்ல அங்கிள்."

"ரோட்டுல இருக்காது. மதகோட கைப்பிடிச் சுவரு மேல ஏறி, கடலைப் பாத்து நிக்கணும். ரெண்டு கட்டை வரும். வேற ஒருத்தனுக்கும் தெரியாது. நம்ம பயதான் கண்டுபிடிச்சான். எவளோ ஒரு பொண்ணுகிட்டப் பேசுறதுக்கு சாயங்காலமானா சைக்கிளை எடுத்துக்கிட்டு அங்க போயிருவான். அப்பனுக்குத் தெரியாதுன்னு நெனப்பு!" முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னலே? ரெண்டு கட்டை வரும்தானே? அன்னைக்கு ஏன் ஏறல?"

ஜோஸ்வா திரும்பினான்.

"எந்தச் சுவர்?" என்றான்.

அஸ்வின் காப்பியைக் குடிக்கவில்லை. சாமான்களைப் பையில் போட்டான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்கூட்டரை எடுத்தான்.

தண்ணீர்ப் பகுதிக்கு வந்தபோது வெளிச்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்லைட் வெள்ளையாக, நேராக எரிந்தது. புது பேட்டரி. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

மதகைத் தாண்டினான்.

நிறுத்தினான்.

இஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினான். நன்றாகக் கேட்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"ஜோஸ்வா," என்றான். மெதுவாக.

தண்ணீர் அசையாமல் இருந்தது.

"ஜோஸ்வா..."

சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.